நின்ற நிலையில் மரம்

பட்டறையில் வேலை செய்யும் தச்சருக்குச் சில சலுகைகள் உண்டு. மரத்தைப் புரட்டலாம், காலால் மிதித்துப் பிடிக்கலாம், வெளிச்சம் விழும் பக்கமாக நகர்த்திக்கொள்ளலாம். வீட்டில் பொருத்தி முடித்த மரத்தில் இதெல்லாம் கிடையாது. நிலை சுவருக்குள் பிடிப்போடு நிற்கிறது. அலமாரி மூன்று பக்கமும் அடைபட்டிருக்கிறது. மாடிப்படியின் கைப்பிடி அதன் கம்பிகளை விட்டு வர மறுக்கிறது. அதில் கால் அங்குலம் குறைக்கவேண்டுமென்றால் மரம் இருக்கும் இடத்துக்கு ஆள்தான் போகவேண்டும், குனியவேண்டும், சில நேரம் தரையோடு தரையாகப் படுக்கவும் வேண்டும். பக்கத்தில் புதிதாகப் பெயின்ட் அடித்த சுவர். கீழே நேற்றுப் பதித்த டைல்ஸ். மேலே வார்னிஷ் காய்ந்த சட்டம். வெட்டவேண்டியது ஒன்று, வெட்டுப்படக்கூடாதவை அதைச் சுற்றிலும்.

இதற்கு எந்தக் கருவி நல்லது என்று கேட்டால் கடைக்காரர் வாட்டையும் வேகத்தையும் சொல்வார். ஆர்வத்துக்காகத் தச்சு பழகும் என்போன்றவர்கள் கூர்மையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். எது எத்தனை நாள் மழுங்காமல் இருக்கும், எந்தச் சாணைக்கல் உசத்தி என்பதெல்லாம் அந்தப் பேச்சில் அடக்கம். இந்த வேலையைப் பொறுத்தவரை இரண்டுமே பிறகு கேட்கவேண்டிய கேள்விகள். முதலில் கேட்கவேண்டியது, வெட்டும்போது அந்தக் கருவி எதன்மீது சாய்ந்து நிற்கப்போகிறது என்பது. கையால் அந்தரத்தில் பிடித்து நேராக வெட்டுகிறவர் எவருமில்லை. அப்படித் தோன்றினால் அவர் விரல் நுனி எங்கோ ஒரு பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். உளிக்கு அதன் தட்டையான முதுகு, இழைப்புளிக்கு அடிப்பாகம், டிரிம்மர் இயந்திரத்துக்கு அதன் பிட் முனையில் சுழலும் சின்ன பேரிங். எல்லாம் சாய்வதற்கான ஏற்பாடுகள்தான்.

ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொள்வோம். தேக்குச் சட்டத்தின் மூலைப் பொருத்தில் அடித்த மர ஆணி, முகத்துக்கு மேலே அரை அங்குலம் துருத்திக்கொண்டிருக்கிறது. அதை முகத்தோடு சமமாக்கவேண்டும். உளியை வைத்துக் கொட்டாப்புளியால் ஒரே போடு போட்டால் ஆணி முகத்துக்குக் கீழே போய் முறியும், குழி விழும், பிறகு மரத்தூளும் பசையும் குழைத்துப் பூசி அழவேண்டும். சாதாரண ரம்பத்தைப் படுக்கவைத்து அறுத்தால் ஆணி போய்விடும், ஆனால் சட்டத்தின் முகத்தில் நாலு கீறல் நிற்கும். ரம்பத்தின் பற்களை ஒன்று இடமும் ஒன்று வலமுமாகச் சற்றே வளைத்து வைத்திருப்பார்கள். அப்போதுதான் வெட்டு, தகட்டைவிட அகலமாக விழுந்து ரம்பம் சிக்காமல் ஓடும். மரத்துக்குள் ஓடும்போது நன்மை செய்கிற அந்த வளைவு, பரப்பின்மேல் படுக்கும்போது கீறலாகிறது.

ஜப்பானியத் தச்சர்கள் இந்த ஒரு வேலைக்கென்றே குகிஹிகி என்ற ரம்பம் வைத்திருக்கிறார்கள். அதன் பற்களில் வளைவே கிடையாது. தகடு கையால் அழுத்தினால் வில்லாக வளையும் அளவுக்கு மெல்லியது. அத்தனை மெல்லிய தகடு மடங்காமல் வெட்டுவதற்குக் காரணம், அது இழுக்கும்போது வெட்டுவதுதான். இழுபடுகிற தகடு தானே விறைத்துக்கொள்ளும். கடையில் கிடைக்கும் நம் கைரம்பம் தள்ளும்போது வெட்டுவது, ஆகவே தடித்த தகடு இல்லாமல் அதற்குக் கதியில்லை. குகிஹிகியின் தகட்டை இரண்டு விரலால் சட்டத்தின் முகத்தில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் இழுத்தால் ஆணி கீறலில்லாமல் விடைபெறும். அந்த ரம்பம் இல்லாதவருக்கு வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் போதும். அதில் ஆணி நுழைய ஓட்டை போட்டு முகத்தின்மேல் விரித்து, அதன்மேல் ரம்பத்தைச் சாய்த்து அறுக்கலாம். கீறல் யாருடைய விலா எலும்பிலோ விழுந்துவிட்டுப் போகட்டும்.

மிச்சமிருக்கும் காகிதக் கனத்தை எடுப்பது உளி. இங்கே கொட்டாப்புளிக்கு வேலையில்லை. முக்கால் அங்குல உளியின் முதுகைச் சட்டத்தின் முகத்தில் முழுசாகப் படுக்கவைத்து, இடது கட்டைவிரலால் அலகுக்கு அருகில் அழுத்திக்கொண்டு, முன்னால் தள்ளியபடியே பக்கவாட்டில் சற்று வழுக்கவேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஒரே தள்ளாகத் தள்ளினால் கடைசி ஓரத்தில் சிம்பு பிய்யும். நாலு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி வருவதே முறை. மரம் இருக்கட்டும், உளியின் முதுகு நிஜமாகவே தட்டையாக இருக்கிறதா என்பதுதான் இதில் பெரிய கேள்வி. புதிதாக வாங்கிய உளிகளில் பெரும்பாலும் இருப்பதில்லை. முதுகு வெளிப்பக்கம் உப்பியிருந்தால் கருவி எதன்மேல் சாய்வது என்று தெரியாமல் முகத்துக்குள் பாயும் அல்லது மேலே ஏறிவிடும். ஆகவே முனையிலிருந்து ஓர் அங்குலமாவது முதுகைக் கல்லில் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்காத உளி, எத்தனை கூராக இருந்தாலும், இந்த வேலைக்கு ஆகாது. தினமும் அலகின் சரிவை மட்டும் தீட்டி முதுகைக் கவனிக்காமல் விடுபவர்களை நிறையப் பார்க்கலாம்.

இழைப்புளிகளின் வரலாற்றில் இதே சங்கடம் வேறு உருவத்தில் வருகிறது. சாதாரண இழைப்புளிக்கு அலகின் முன்னால் நீண்ட மூக்கு இருக்கிறது. அந்த மூக்குதான் மேட்டையும் பள்ளத்தையும் உணர்ந்து அலகைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் மூக்கு இருக்கும் வரை மூலைக்குள் போக முடியாது. சுவரில் மூக்கு இடித்ததும் அலகு பல அங்குலம் பின்னாலேயே நின்றுவிடும். அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனம் லெனார்ட் பெய்லியின் காப்புரிமைகளை 1869இல் வாங்கிய பிறகு இரும்பு இழைப்புளிகளை வகைவகையாகச் செய்து தள்ளியது. அந்த வரிசையில் 75ஆம் எண், மூக்கை மிகக் குட்டையாக வெட்டிய கையடக்க இழைப்புளி. 97ஆம் எண்ணில் மூக்கே கிடையாது, அலகுதான் முன்னால் முதலில் வரும். மூலை வரை போகும். ஆனால் முன்னால் சாய எதுவுமில்லாததால் கொஞ்சம் அசந்தால் அலகு மரத்துக்குள் மூழ்கும். மூலைக்குள் எட்டவேண்டுமானால் சாய்வை விட்டுக்கொடுக்கவேண்டியிருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய எந்தக் கருவியும் இந்தக் கணக்கிலிருந்து தப்பியதாக எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் விவரமானவர்கள் 75, 97 வகையறாவைக் கடைசி அரை அங்குலத்துக்கு மட்டும் எடுப்பார்கள். அதுவரை நீளமான இழைப்புளியே ஓடும்.

கதவுக்கு வருவோம், ஏனென்றால் நம் வீடுகளில் மரத்தை நின்ற இடத்தில் குறைக்கச் சொல்லி ஆள் கூப்பிடுவது பெரும்பாலும் கதவுக்காகத்தான். ஐப்பசி மழை பிடித்ததும் கதவு நிலையில் மாட்டிக்கொள்ளும். உதைத்துத் திறக்கவேண்டும். இழைப்புளியை எடு என்று வீட்டுக்காரர் அவசரப்படுவார். கும்பகோணம் பக்கத்தில் ஓர் ஆசாரி இந்த அவசரத்துக்குப் பதில் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது: “தை பொறக்கட்டும் சார், அப்புறம் பாக்கலாம். இப்ப சீவிட்டா சித்திரையில உங்க வீட்டு வெளக்கு தெருவுல தெரியும்.”

அவர் சொன்னதில் கணக்கு இருக்கிறது. மரம் நார் ஓடும் நீளவாக்கில் அனேகமாக நீளுவதில்லை. குறுக்கேதான் உப்பும், சுருங்கும். அந்தக் குறுக்கிலும் வளையத்தின் போக்கில் வரும் மாற்றம், மையத்திலிருந்து வெளிநோக்கி வரும் மாற்றத்தைப்போல் சுமார் இரண்டு மடங்கு. மரங்களிலேயே சாதுவான தேக்கில்கூட, ஈரம் ஒரு சதவீதம் மாறினால் குறுக்கு அகலம் அதிகபட்சம் 0.2 சதவீதம்வரை மாறும். கோடைக்கும் மழைக்கும் இடையில் மரத்தின் ஈரம் 4 சதவீதம் மாறுவதாக வைத்துக்கொண்டால், 80 செ.மீ. அகலத்துக்குப் பலகைகளை ஒட்டிச் செய்த கதவு 6 மி.மீ. வரை அகலும். அதே அகலத்தில் சட்டமும் தளர்வாகச் செருகிய பலகையுமாகச் செய்த கதவில், உள்ளே இருக்கும் பலகை தன் பள்ளத்துக்குள் உப்பி அடங்கிவிடும். பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள இரண்டு செங்குத்துச் சட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும், அவை சேர்ந்து ஒன்றரை மி.மீ.தான் கூடும். பலகைக் கதவை விட்டுச் சட்டக் கதவுக்கு உலகமெங்கும் தச்சர்கள் மாறியதற்கு அழகு மட்டும் காரணமில்லை. பின்னாளில் சீவவேண்டிய வேலையை முன்கூட்டியே குறைத்துவைத்த யோசனை அது.

மாட்டுகிற கதவெல்லாம் உப்பிய கதவும் அல்ல. தாழ்ப்பாள் பக்கத்து மேல்மூலை மட்டும் உரசுகிறது என்றால் சந்தேகம் கீல்மேல் போகவேண்டும். கதவைப் பாதி திறந்து கைப்பிடி ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் ஆட்டம் தெரியும். மேல்கீலின் ஸ்க்ரூ ஓட்டையில் பசை தொட்ட தீக்குச்சிகளைத் திணித்து மறுபடி முறுக்கினால் கதவு தன் இடத்துக்குத் திரும்பிவிடும். அப்போது தேவைப்பட்ட கருவி ஸ்க்ரூடிரைவர். சில நேரம் கீழ்க்கீலுக்குப் பின்னால் செருகிய ஒரு அட்டைத் துண்டே போதும். மேல்மூலை நிலையை விட்டு விலகிவிடும். இவ்வளவும் பார்த்த பிறகும் உரசினால், எங்கே உரசுகிறது என்று கதவையே சொல்லவைக்கலாம். நிலையின் உள்விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்துக் கதவை மூடித் திறந்தால், உரசும் இடத்தில் மட்டும் கதவில் வெள்ளை ஒட்டியிருக்கும். அதைத்தான் சீவவேண்டும், அதை மட்டுமே. வெள்ளைத் தடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு முழுக் கதவோரத்தில் குற்றவாளி பெரும்பாலும் நாலு விரல் நீளம்தான் இருப்பான்.

கீல் கதவானால் கழற்றிக் கீழே கிடத்திச் சீவலாம், அதுவே நல்லது. பழைய வீடுகளிலும் கோயில்களிலும் உள்ள குடுமிக் கதவுகளில் அது சுலபமில்லை. கதவின் ஒரு பக்க மேல்மூலையும் கீழ்மூலையும் குடுமியாக நீண்டு, மேலும் கீழும் உள்ள குழிகளில் உட்கார்ந்து சுழல்கின்றன. நிலையை நிறுத்தும்போதே கதவையும் சேர்த்து நிறுத்துகிற வேலை அது. அதைக் கழற்றுவது என்றால் கிட்டத்தட்ட வாசலைக் கழற்றுவது. அதனால் அந்தக் கதவுகளை நின்ற இடத்திலேயே, ஆப்பு வைத்து அசையாமல் நிறுத்தி, மேலிருந்து கீழாக இழைத்தார்கள். கீழோரம் குறைய வேண்டுமானால் இன்னும் கஷ்டம். செங்குத்துச் சட்டத்தின் அடி, நார் வெட்டுண்ட முனை. அதில் அலகு வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போனால் ஓரம் சிதறும். வெளியிலிருந்து உள்நோக்கியே வரவேண்டும். தரைக்கும் கதவுக்கும் நடுவில் கைகூட நுழையாத இடத்தில் இழைப்புளி எப்படி நுழையும்? அங்கே தரையில் ஒரு முரட்டு உப்புத்தாளை விரித்து, அதன்மேல் கதவை முன்னும் பின்னும் ஆட்டுவதுண்டு. தரையே கருவியின் அடிப்பாகம் ஆகிவிடுகிற உபாயம். ஒரு மி.மீ. குறைக்க உதவும், அதற்குமேல் பொறுமை தாங்காது.

இப்போது வந்திருக்கும் தலைவலி வேறு. பழைய மொசைக் தரையைப் பெயர்க்காமல் அதன்மேலேயே டைல்ஸ் ஒட்டுகிறார்கள். டைல்ஸ் 8 முதல் 10 மி.மீ., பசை 3 முதல் 5 மி.மீ.; தரை ஏறத்தாழ அரை அங்குலம் உயர்கிறது. கதவுகளின் அடியைக் குறைத்துவிடலாம். நிலை? நம் ஊர் வழக்கம், நிலையைத் தொடாமல் டைல்ஸை அதன் உருவத்துக்குக் கொத்தி வெட்டிச் சுற்றிச் செருகுவது. கோணல்மாணலான சந்து விழும், அதில் வெள்ளை சிமென்ட் ரொப்புவார்கள், ஒரு வருடத்தில் அது கறுப்பாகும். இதைவிட நேர்த்தியானது, நிலையின் அடியில் டைல்ஸின் ஓரம் நுழைய ஒரு பள்ளம் எடுப்பது. நிலையை முழுசாக அறுக்கவேண்டியதில்லை, அறுக்கவும் கூடாது. பழைய வீடுகளில் சில நிலைகள் மேற்சுவரின் பாரத்தையும் வாங்கிக்கொண்டு நிற்பவை. டைல்ஸின் வெட்டோரம் மறைய ஒன்றரை செ.மீ. ஆழம் தாராளம்.

இந்தப் பள்ளத்தை எடுக்கப் பெரும்பாலோர் கையில் எடுப்பது நாலு அங்குலக் கட்டிங் மெஷின். கல்லறுக்க வந்த இயந்திரத்தில் மரத்துக்கான பிளேடை மாட்டி எல்லாவற்றையும் அறுக்கிற வழக்கம் வந்துவிட்டது. எனக்கு இதில் கடும் வெறுப்பு உண்டு, ஒளிக்கவில்லை. வட்ட பிளேடு மூலையில் எப்போதும் ஒரு வில்வடிவ மிச்சத்தை விட்டுவைக்கும். அதன் அடித்தட்டு தரையிலிருந்து அரை அங்குல உயரத்தில் படுத்து வெட்ட விடாது என்பதால், தட்டைக் கழற்றிவிட்டுக் கையால் பிடித்து ஓட்டுவார்கள். அப்போது இயந்திரம் எதன்மீதும் சாய்ந்திருக்கவில்லை. நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றுகிற பிளேடு ஒரு பழைய ஆணியில் மாட்டினால் துள்ளி ஆளை நோக்கித்தான் வரும். பழைய நிலையில் ஆணி இல்லாத இடம் அபூர்வம். வெட்டுமுன் ஒரு காந்தத்தை மெதுவாக ஓட்டிப் பார்ப்பது எந்த இயந்திரக்காரருக்கும் இழுக்கில்லை.

சரியான கருவி மருத்துவமனை வழியாக வந்து சேர்ந்தது. எலும்பு முறிவுக்குப் போட்ட மாவுக்கட்டைப் பிரிக்கும்போது தோல் வெட்டுப்படக்கூடாது. அமெரிக்காவில் கலமாசூ ஊரின் எலும்பு மருத்துவர் ஹோமர் ஸ்ட்ரைக்கர், சுழலாமல் இடவலமாக அதிர்கிற ரம்பம் ஒன்றைச் செய்து 1947இல் காப்புரிமை பெற்றார். மாவுக்கட்டு விறைப்பானது, அசையாது, ஆகவே வெட்டுப்படும். தோல் பல்லோடு சேர்ந்து இடவலமாக ஆடிவிடுவதால் தப்பிக்கும். அப்போது ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் இருந்த ஃபைன் நிறுவனம், 1895இல் மின்சாரக் கைத்துளைப்பானைச் செய்தவர்கள், 1967இல் தங்கள் அதிர்வு ரம்பத்தை இதே மாவுக்கட்டு வேலைக்காகக் கொண்டுவந்தார்கள். பிறகு கார்க் கண்ணாடியைப் பிடித்திருக்கும் பசையை அறுக்கவும், மரத்தை உரசவும் அதையே மாற்றியமைத்தார்கள். 2008 வாக்கில் காப்புரிமை முடிந்ததும் மற்ற நிறுவனங்களும் இறங்கின, விலையும் இறங்கியது. இன்று நம் ஊர்த் தச்சர்கள் ‘மல்டி டூல்’ என்று சொல்வது இதைத்தான்.

அது ஆடுவது ஏறத்தாழ 3 டிகிரி மட்டுமே. அச்சிலிருந்து 8 செ.மீ. தள்ளியிருக்கும் பல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்வது 4 மி.மீ. தான், ஆனால் நிமிடத்துக்கு 20,000 முறை வரை. ஆணியில் மாட்டினாலும் துள்ளாது, பல் மழுங்கும், அவ்வளவுதான். பிளேடின் கழுத்து ஒரு படி மடிந்திருப்பதால் போல்ட்டின் தலை அதன் அடிமட்டத்துக்குக் கீழே வராது. இதுதான் அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பதிக்கப்போகும் அதே டைல்ஸில் ஒரு துண்டைக் கவிழ்த்து வைத்து, பசையின் கனத்துக்கு அடியில் அட்டை கொடுத்து, பிளேடை அதன்மேல் படுக்கவைத்தால் போதும். அளவுகோலே வேண்டாம். உயரம் தானாக வந்துவிடும்.

வேகம் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கருவி ஒத்துவராது. அழுத்தினால் பிளேடின் ஆட்டம் அடங்கிவிடும், அறுப்பது நின்று தேய்ப்பது தொடங்கும், தேக்கு கருகி வாசனை வரும், பல்லின் பதம் போகும். தேக்கில் மணல்போன்ற சிலிக்கா வேறு இருக்கிறது, சாதாரணமாகவே அலகைத் தின்னும். கருவியை லேசாகப் பிடித்து, பிளேடை இடமும் வலமும் மெல்ல நகர்த்தித் தூள் வெளியேற வழிவிடவேண்டும். ஆணி இருக்கும் சந்தேகமிருந்தால் இரும்பும் அறுக்கும் பைமெட்டல் பிளேடு. இல்லையென்றால் மரத்துக்கான கூர்ப்பல் பிளேடு, அதன் வெட்டு சுத்தமாக விழும். மேல்வெட்டு விழுந்த பிறகு, கீழே மிஞ்சும் அரை அங்குல உயர நாருக்குப் பலமே இராது. அரை அங்குல உளியால் ஓரத்திலிருந்து நெம்பினால் துண்டு துண்டாக வரும். மூலையைச் சதுரமாக்குவது மறுபடியும் உளிதான். இயந்திரம் வாங்கியவர் பையில் உளி இல்லையென்றால் மூலை உருண்டையாகவே கிடக்கும். அதன்மேல்தான் வெள்ளை சிமென்ட் ஏறும்.

மாடுலர் கிச்சன் வேலையில் மைக்கா ஓரத்தைச் சீவும் டிரிம்மரிலும் இதே கதைதான். பிட்டின் பேரிங், ஒட்டிய பலகையின் பக்கத்தில் உருண்டுகொண்டே போகும். அங்கே காய்ந்த பசை ஒரு பொட்டு இருந்தால் பேரிங் அதில் ஏறி இறங்கும், மைக்கா ஓரத்தில் அதே இடத்தில் ஒரு மேடு அச்சாகும். பிட்டை எவ்வளவு விலைக்கு வாங்கினாலும் பசையை முதலில் சுரண்டியவருக்குத்தான் நேர்கோடு கிடைக்கும். அரத்தால் தேய்ப்பவர்கள் அரத்தைப் பலகையை நோக்கித் தள்ளுவார்கள். வெளியே இழுத்தால் மைக்கா சில்லாகப் பெயரும்.

பள்ளம் எடுத்த நிலைக்கு ஒரு வேலை பாக்கியிருக்கிறது. நாரின் வெட்டுண்ட முனை கீழ்நோக்கித் திறந்து கிடக்கிறது, தரை துடைக்கிற தண்ணீரை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டைல்ஸ் வருமுன் அதில் வார்னிஷோ எபாக்சியோ இரண்டு கை பூசி, ஊறி அடங்க விடவேண்டும். டைல்ஸுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒன்றிரண்டு மி.மீ. காலி இடமும் விடவேண்டும், ஈரம் உள்ளே தங்காமல் காய்வதற்கு. தச்சர் இதை விடச் சொல்வார். டைல்ஸ்காரருக்கு ஓட்டை என்றாலே ஆகாது, கரப்பான்பூச்சி வரும் என்பார், அடைக்கச் சொல்வார். நான் தச்சர் கட்சி. வேண்டுமானால் ஓரத்தில் மட்டும் சிலிகான் இழுத்துக்கொள்ளலாம். ஆனால் டைல்ஸ்காரர் வேலைக்கு வருவது தச்சர் கூலி வாங்கிக்கொண்டு போன பிறகு. ஆகவே பெரும்பாலான வீடுகளில் வெள்ளை சிமென்ட்தான் ஜெயித்துக்கொண்டிருக்கிறது.